ஏர் பிஸ்டலுடன் தேசியப் போட்டிக்குப் போகிறீர்களா? மாற்று உபகரணங்களைக் கட்டி எடுத்துச் செல்லும் முறை

சென்னையிலிருந்து முதன்முறையாக டெல்லி துக்ளகாபாத்தில் உள்ள டாக்டர் கர்ணி சிங் ரேஞ்சுக்கு (துப்பாக்கி சுடும் தளம்) போனபோது என்னிடம் பிஸ்டலுக்கு அழுத்தக் காற்று தரும் மாற்று சிலிண்டர் ஒன்றும், கிளப் நண்பரிடம் இரவல் வாங்கிய மாற்றுப் பிஸ்டலும் இருந்தன. இரண்டுமே எனக்கு உதவவில்லை. இரவல் பிஸ்டலின் ரசீது நண்பர் பெயரில் இருந்தது, கிளப் எனக்குத் தந்த பயணக் கடிதத்தில் அதன் வரிசை எண் இல்லை. விமான நிலையத்தில் நாற்பது நிமிடம் விளக்கம் சொல்லிப் பார்த்துவிட்டு, வழியனுப்ப வந்திருந்த தம்பியிடமே அதைத் திருப்பிக் கொடுத்தனுப்பினேன். மாற்று சிலிண்டர் டெல்லிவரை வந்து சேர்ந்தது. ஆனால் அதில் காற்று நிரப்புவதற்கான அடாப்டர் சென்னையில் கிளப் அலமாரிக்குள் பத்திரமாக இருந்தது. போட்டிக்கு முந்தைய பயிற்சி நேரம் முழுவதையும் அடாப்டர் தேடி அலைவதிலேயே கழித்தேன்.

அதற்குப் பிறகான பயணங்களில் ஒவ்வொன்றாகத் திருத்திக்கொண்ட முறையை இங்கே எழுதுகிறேன். 10 மீட்டர் ஏர் பிஸ்டல் பிரிவில் முதன்முறையாக வெளி மாநிலப் போட்டிக்குப் போகிறவர்களை மனத்தில் வைத்து எழுதியது இது. ஏர் ரைபிள் சுடுபவர்களுக்கும் பெரும்பகுதி பொருந்தும். உரிமம் தேவைப்படும் .22 ரகத் துப்பாக்கிகளுக்கான நடைமுறை வேறு என்பதால் அதற்குள் நான் போகவில்லை.

1. எது கெட்டால் ஆட்டம் நிற்கும் என்று முதலில் எழுதுங்கள்

புதியவர்கள் பெரும்பாலும் கையில் உள்ள எல்லாவற்றையும் இரண்டிரண்டாக எடுத்து வைக்கிறார்கள். அப்படிச் செய்தால் பெட்டி கனக்குமே தவிர, வேண்டிய பொருள் வேண்டிய நேரத்தில் கிடைக்காது. ஒரு தாளை எடுத்து மூன்று கட்டங்களாகப் பிரியுங்கள். முதல் கட்டத்தில், கெட்டுப்போனால் ஒரு குண்டுகூடச் சுட முடியாதவற்றை எழுதுங்கள்: சிலிண்டர், அதன் ஓ-ரிங் (காற்று கசியாமல் தடுக்கும் ரப்பர் வளையம்), மின்விசை ட்ரிகர் என்றால் அதன் பேட்டரி, பெல்லட் (ஈயக் குண்டு). இரண்டாவதில், கெட்டாலும் சுடலாம், ஆனால் புள்ளிகள் சரியும் என்பவற்றை எழுதுங்கள்: கிரிப் (கைப்பிடி), சைட் (குறிபார்க்கும் பாகம்), சுடும் கண்ணாடி, காலணி. மூன்றாவதில் மற்றவை எல்லாம் வரலாம்.

முதல் கட்டத்தில் உள்ளவற்றுக்கு மாற்று கட்டாயம் வேண்டும். இரண்டாவது கட்டத்துக்கு மாற்று இல்லாவிட்டாலும், பழுதுபார்க்கும் வழி ஒன்று தெரிந்திருக்க வேண்டும். மூன்றாவது கட்டத்துக்கு ரேஞ்சில் பக்கத்தில் நிற்பவர் இருக்கிறார். இந்த விளையாட்டில் ஸ்க்ரூ டிரைவர் கேட்டு இல்லை என்று சொன்னவரை நான் இன்னும் சந்திக்கவில்லை.

2. சிலிண்டரும் காற்றும்

அதிகம் பேர் இடறுவது இங்கேதான் என்பதால் சற்று விரிவாகச் சொல்கிறேன். போட்டி ஏர் பிஸ்டல்களின் சிலிண்டரில் பொதுவாக 200 பார் அழுத்தத்தில் காற்று இருக்கும். ஒருமுறை நிரப்பினால் நூறு குண்டுகளுக்கு மேல் தாராளமாகச் சுடலாம். ஆகவே ஒரு போட்டிக்கு ஒரு சிலிண்டர் போதும் என்று கணக்கு சொல்லும். ஓ-ரிங் கசிந்தால் அந்தக் கணக்கு நடுவிலேயே உடைந்துவிடும். இரண்டாவது சிலிண்டர் வாங்க முடிந்தால் வாங்கிவிடுங்கள். இறக்குமதிச் செலவோடு சேர்த்து எனக்கு ஏறத்தாழ இருபதாயிரம் ரூபாய் ஆனது. பிஸ்டலின் விலை ஒன்றரை லட்சத்தைத் தாண்டும்போது இந்தச் செலவைத் தள்ளிப்போடுவதில் அர்த்தமில்லை.

சிலிண்டரின் உடலில் பொறிக்கப்பட்டுள்ள தேதியை இன்றே பாருங்கள். சர்வதேசத் துப்பாக்கி சுடுதல் கூட்டமைப்பான ஐ.எஸ்.எஸ்.எஃப். விதிப்படி சிலிண்டர் அதன் தயாரிப்பாளர் குறித்த காலக்கெடுவுக்குள் இருக்க வேண்டும். அந்தக் கெடு அதிகபட்சம் 10 ஆண்டுகள். பழைய பிஸ்டலை இரண்டாம் கையாக வாங்கியவர்கள் இந்தத் தேதியைப் பார்ப்பதே இல்லை. நன்றாகத்தான் வேலை செய்கிறது என்ற வாதம் உபகரணச் சோதனை மேசையில் எடுபடாது.

பயணத்துக்கு முன் இரண்டு சிலிண்டர்களையும் பிஸ்டலிலிருந்து கழற்றி, முழுவதுமாகக் காலி செய்ய வேண்டும். இதற்கென்று தயாரிப்பாளர் தரும் சிறிய திருகுக் கருவி உண்டு. அதைக் கொண்டு காற்றை மெதுவாக வெளியேற்றுங்கள். கருவி இல்லையென்று வால்வை இடுக்கியால் திருகாதீர்கள். காற்று வெளியேறும்போது உலோகம் சில்லென்று குளிர்வது இயல்பானதுதான். அழுத்தமானி பூச்சியத்தில் நிற்பதைக் கைப்பேசியில் படம் எடுத்து வைத்துக்கொண்டால் விமான நிலையக் கவுன்டரில் பேச்சு சுருங்கும். காலி செய்த சிலிண்டர்களைப் பெட்டியின் அடியில் புதைக்காமல், திறந்தவுடன் கண்ணில் படும் இடத்தில் வையுங்கள்.

அடுத்தது அடாப்டர். ரேஞ்சில் கம்பிரசரோ பெரிய காற்றுச் சிலிண்டரோ இருக்கும். ஆனால் அதன் வாயில் உங்கள் சிலிண்டரை நேரடியாகப் பொருத்த முடியாது. இடையில் வரும் அடாப்டரின் ஒரு பக்க மரை டின் (DIN) தர மரையுள்ள பெரிய சிலிண்டருக்கும் மறுபக்க மரை உங்கள் பிஸ்டலின் சிலிண்டருக்கும் பொருந்த வேண்டும், அந்த மறுபக்கம் தயாரிப்பாளருக்குத் தயாரிப்பாளர் மாறுபடுகிறது. அன்று எனக்கு நான்கு பேர் மனமுவந்து அடாப்டர் தந்தார்கள். நான்கும் வேறு நிறுவனப் பிஸ்டலுக்கானவை. இப்போது அடாப்டரை ஒரு சிவப்புத் துணிப்பையில் போட்டு, அந்தப் பையைப் பிஸ்டல் பெட்டியின் கைப்பிடியின் உட்புறத்தில் கட்டியே வைத்திருக்கிறேன். ஊரில் பயிற்சிக்கு எடுத்தாலும் அது திரும்ப அங்கேதான் போகும்.

நிரப்பும்போது அவசரம் வேண்டாம். வேகமாக நிரப்பினால் காற்று சூடாகி அழுத்தமானி 200 காட்டும். அரைமணி நேரம் கழித்துக் குளிர்ந்ததும் 180-க்கு இறங்கியிருக்கும். இன்னொன்றையும் சொல்லிவிடுகிறேன்: அழுத்தக் காற்று கிடைக்காத ஊரில் ஆக்சிஜன் சிலிண்டரைக் காட்டி, இதுவும் காற்றுதானே என்று சொல்வார்கள். ஒருபோதும் ஆக்சிஜனை நிரப்பாதீர்கள். எண்ணெய்ப் பிசுக்கோடு உயர் அழுத்த ஆக்சிஜன் சேர்ந்தால் வெடிக்கும்.

ஓ-ரிங்குகளைப் பொறுத்தவரை, உங்கள் பிஸ்டல் மாடலுக்கான முழுத் தொகுப்பு ஒன்று போதும். ஆனால் மூன்று ஆண்டுகளாக மேசை இழுப்பறையில் கிடந்த ரப்பர் வளையம் புதியது ஆகாது. இரண்டு விரல்களுக்கு இடையில் வைத்து அழுத்திப் பாருங்கள். இறுகி, மேற்பரப்பில் மெல்லிய வெடிப்பு தெரிந்தால் எறிந்துவிடுங்கள். ஊரிலேயே ஒருமுறை ஓ-ரிங்கைக் கழற்றி மாற்றிப் பழகுங்கள். வளையத்தை ஊசியால் நெம்பி எடுக்கும்போது பள்ளத்தில் விழும் ஒரு மெல்லிய கீறலே புதிய கசிவுக்குக் காரணமாகிவிடும். மழுங்கிய மூங்கில் குச்சியோ பல்குத்தும் குச்சியோ நல்லது.

3. மாற்றுப் பிஸ்டல்

டோக்கியோ ஒலிம்பிக்கில், 2021 ஜூலையில், இந்திய வீராங்கனை மனு பாக்கரின் பிஸ்டலில் 10 மீட்டர் தகுதிச் சுற்றின் நடுவே கோளாறு ஏற்பட்டது. சரிசெய்துகொண்டு திரும்புவதற்குள் அரிய நிமிடங்கள் போய்விட்டன. 575 புள்ளிகளோடு 12ஆம் இடம் பெற்றார். இறுதிச் சுற்றுக்கான முதல் எட்டுக்குள் நுழையும் வாய்ப்பு இரண்டே புள்ளிகளில் நழுவியது. அவரிடம் மாற்றுப் பிஸ்டல் இல்லாமல் இல்லை. கைக்குப் பழகாத, அந்தத் தளத்தில் சைட் சரிபார்க்கப்படாத ஒரு பிஸ்டலுக்கு நடுவில் மாறுவதா, இருப்பதைச் சரிசெய்வதா என்ற கேள்விதான் அங்கே எழுந்தது. தகுதிச் சுற்றில் 60 குண்டுகளுக்கு 75 நிமிடம். நம் துப்பாக்கியின் கோளாறுக்காகக் கடிகாரம் நிற்காது.

ஆகவே மாற்றுப் பிஸ்டல் என்றால், எடுத்தவுடன் இலக்கின் பத்துப் புள்ளி வட்டத்துக்குள் சுடக்கூடிய பிஸ்டல் என்றே பொருள் கொள்ளுங்கள். அதற்கு மூன்று வழிகள் உள்ளன.

சொந்தமாக இரண்டாவது பிஸ்டல் வைத்திருப்பது வசதியுள்ளவர்களுக்கானது. வாங்குவதென்றால் அதே நிறுவனம், அதே மாடல், அதே கிரிப் அளவு என்று வாங்குங்கள். அப்போதுதான் சிலிண்டர், அடாப்டர், ஓ-ரிங் எல்லாம் இரண்டுக்கும் பொதுவாகும்.

கிளப்பில் இரவல் வாங்குவது இரண்டாவது வழி. இங்கே கிரிப்தான் சிக்கல். மரத்தூள் கலவை அப்பி, அரம் போட்டு, மாதக்கணக்கில் உங்கள் கைக்கு ஏற்றபடி செதுக்கிய கிரிப்புக்கும் கிளப் பிஸ்டலின் மொட்டை கிரிப்புக்கும் உள்ள தூரம், சொந்தச் செருப்புக்கும் கோயில் வாசலில் மாறிப்போன செருப்புக்கும் உள்ள தூரம். மாடல் ஒன்றாக இருந்தால் உங்கள் கிரிப்பைக் கழற்றி அதில் பொருத்தலாம். இரண்டு நிமிட வேலை. மாடல் வேறானால் பொருந்தாது என்பதால், இரவல் வாங்கும்போது பிஸ்டலின் தரத்தைவிட மாடல் ஒற்றுமைக்கே முதலிடம் கொடுங்கள்.

மூன்றாவது வழியைத்தான் நான் இப்போது பின்பற்றுகிறேன். அதே மாடல் வைத்திருக்கும் சக வீரர் ஒருவருடன் பேசி, அவர் பிஸ்டல் எனக்கு மாற்று, என் பிஸ்டல் அவருக்கு மாற்று என்று வைத்துக்கொண்டோம். இருவரும் வெவ்வேறு ரிலேயில் (சுடும் நேரப் பிரிவில்) சுட்டால் மட்டுமே இது நடக்கும். ஆகவே ரிலே பட்டியல் வந்தவுடன் முதலில் அதைப் பாருங்கள். ஒரே ரிலே என்றால் இந்த ஏற்பாடு செல்லாது. கிளப் பிஸ்டலுக்குப் போய்விடுங்கள்.

எந்த வழியானாலும், புறப்படுவதற்கு முன் மாற்றுப் பிஸ்டலில் குறைந்தது மூன்று நாள் முழுப் பயிற்சி எடுங்கள். சைட் திருகு எத்தனை க்ளிக்கில் (திருகும்போது நகரும் படி) நிற்கிறது என்பதை ஒரு துண்டுத் தாளில் எழுதிப் பெட்டி மூடியின் உட்புறம் ஒட்டுங்கள். என் மூடியில் உள்ள தாளில் ‘மேலே 4, வலம் 2, கிரிப் திருகு முக்கால் சுற்று’ என்று இருக்கிறது. பதற்றத்தில் இதெல்லாம் நினைவில் நிற்காது.

4. பெல்லட்

கணக்கு எளிதானது. போட்டிக்கு 60, இறுதிச் சுற்றுக்கு வந்தால் 24, ஒவ்வொன்றுக்கும் முன் சோதனைக் குண்டுகள், முந்தைய நாள் பயிற்சிக்கு நூறு. 500 பெல்லட் கொண்ட ஒரு டப்பா போதும். ஆனால் ஒரே டப்பாவாகக் கொண்டுபோகாதீர்கள். ஒரே பேட்ச் (தயாரிப்புத் தொகுதி) எண்ணுள்ள இரண்டு டப்பாக்களை வெவ்வேறு பைகளில் வையுங்கள். பெயர் ஒன்றாக இருந்தாலும் பேட்ச் மாறினால் குண்டுகள் விழும் இடம் பரவக்கூடும். தலை அளவும் 4.49, 4.50 என்று மாறும். ரேஞ்ச் வாசலில் கடை இருக்கும், அங்கே வாங்கிக்கொள்ளலாம் என்று போனவர்கள் கிடைத்ததை வாங்கிச் சுட்டதைப் பார்த்திருக்கிறேன்.

மூடியைச் சுற்றி இன்சுலேஷன் டேப் ஒட்ட மறக்காதீர்கள். ஒருமுறை டப்பா திறந்துகொண்டு பெல்லட்டுகள் துணிகளுக்குள் கடுகு போலச் சிதறின. பொறுக்கி எடுத்ததில் பாதிக்கு மேல் பாவாடை போல விரிந்த பின்பக்க விளிம்பு நசுங்கியவை. மூடிக்கு அடியில் வட்டமாக வெட்டிய ஸ்பாஞ்சு ஒன்றை வைத்தால் குலுங்காது. பெல்லட் ஈயம் என்பதால் சாப்பாட்டுப் பொருள்களோடு ஒரே பையில் வேண்டாம்.

5. கருவிப்பை

ஆலன் சாவிகள், சிறிய ஸ்க்ரூ டிரைவர்கள், மாற்று முன்சைட், சைட் திருகுகள், தயாரிப்பாளர் சொன்ன கிரீஸ், துணி, பேட்டரி. திருகுகளை மாத்திரை வைக்கும் கட்டப்பெட்டியில் போட்டு வைத்தால் தேட வேண்டியதில்லை. இந்தப் பையில் இருக்க வேண்டிய, ஆனால் பலரிடம் இல்லாத இரண்டு பொருள்களை மட்டும் விளக்கமாகச் சொல்கிறேன்.

ஒன்று, ட்ரிகர் எடை. ஏர் பிஸ்டலின் ட்ரிகர் குறைந்தது 500 கிராம் எடையைத் தாங்க வேண்டும். பயணக் குலுக்கலிலும் டெல்லிக் குளிரிலும் இது சிறிது இறங்கக்கூடும். நான் மளிகைக் கடைக்கு எடைக்கல் விற்கும் கடையில் முத்திரையிட்ட அரைக்கிலோ கல் ஒன்று வாங்கி, அதில் இரும்புக் கம்பியால் கொக்கி கட்டியிருக்கிறேன். கம்பியோடு சேர்ந்து நகைக்கடைத் தராசில் 508 கிராம் வந்தது. அந்த எட்டு கிராம் எனக்கு வேண்டிய உபரி. குழாய் மேல்நோக்கி நிற்க, கொக்கியை ட்ரிகரில் மாட்டிக் கல்லை மேசையிலிருந்து மெதுவாகத் தூக்குங்கள். மூன்று முறையும் ட்ரிகர் விழாமல் நின்றால் நிம்மதி. மாற்றுப் பிஸ்டலுக்கும் இதே சோதனை செய்யுங்கள்; கிளப் பிஸ்டல்களில் யாராவது ட்ரிகரை இளக்கி வைத்திருப்பார்கள்.

இன்னொன்று, பாதுகாப்புக் கொடி. ரேஞ்சுக்குள் துப்பாக்கி பெட்டியை விட்டு வெளியே இருக்கும்போது குழாயில் பளிச்சென்ற ஆரஞ்சு நிறக் கொடி செருகியிருக்க வேண்டும். ஏர் பிஸ்டலில் அது குழாயின் முழு நீளத்துக்கும் வர வேண்டும். புல் வெட்டும் இயந்திரத்தில் சுற்றும் ஆரஞ்சு நைலான் கம்பி, மூன்று மில்லிமீட்டர் தடிமனில், இதற்கு அப்படியே பொருந்தும். ஒரு மீட்டர் வாங்கினால் மூன்று கொடிகள் ஆகும். ஒவ்வொரு பிஸ்டலுக்கும் ஒன்று, பையில் ஒன்று.

கண்ணாடி அணிபவர்கள் பவர் உள்ள சாதாரணக் கண்ணாடி ஒன்றைச் சுடும் கண்ணாடிக்கு மாற்றாக வைத்துக்கொண்டு, மூடும் கண் பக்கம் 30 மில்லிமீட்டருக்கு மிகாத அகலத்தில் தாள் ஒட்டிப் பழகிப் பாருங்கள். காலணி கணுக்காலை மூடக்கூடாது. குளிருக்காக, பிஸ்டல் பிடிக்கும் கையின் மணிக்கட்டில் பட்டையோ கைக்கடிகாரமோ அணிந்தால் கழற்றச் சொல்வார்கள்.

6. ஆவணங்கள்

ஆயுத விதிகள் 2016-இன்படி, குழாய் விட்டம் 4.5 மில்லிமீட்டருக்கும் ஆற்றல் 20 ஜூலுக்கும் மிகாத காற்றுத் துப்பாக்கிக்கு உரிமம் தேவையில்லை. போட்டி ஏர் பிஸ்டலின் ஆற்றல் 10 ஜூலைக்கூட எட்டாது. இது உங்களுக்குத் தெரியும்; பெட்டியைத் திறக்கச் சொல்லும் காவலருக்குத் தெரிந்திருக்கும் என்று எண்ணாதீர்கள். பார்வைக்கு அது துப்பாக்கி. உரிமம் எங்கே என்று கேட்பது அவர் கடமை; தாளை எடுத்துக் காட்டுவது நம் கடமை. குரலை உயர்த்தியதால் வேலை வேகமாக முடிந்ததாக எனக்கு நினைவில்லை.

என் கோப்பில் இருப்பவை: ஒவ்வொரு பிஸ்டலுக்கும் வாங்கிய ரசீது, விட்டமும் ஆற்றலும் குறித்த தயாரிப்பாளர் கையேட்டுப் பக்கம், ஆயுத விதிகளில் உரிமவிலக்கு சொல்லும் பக்கத்தின் நகல், தேசிய ரைபிள் சங்கத்தின் வீரர் அடையாள அட்டை, போட்டி அறிவிப்பும் கட்டணம் செலுத்திய ரசீதும், ஆதார் அட்டை, எல்லாவற்றுக்கும் மேலாக கிளப் அல்லது மாநிலச் சங்கத்தின் கடிதம். மூலம் ஒரு கோப்பிலும், நகல் இரண்டு தொகுப்பு வெவ்வேறு பைகளிலும் இருக்கட்டும். கைப்பேசியில் மட்டும் வைத்திருப்பது போதாது; கவுன்டரில் நகல் ஒன்றை வாங்கி வைத்துக்கொள்வார்கள்.

அந்தக் கடிதத்தில் உங்கள் பெயர், போட்டியின் பெயர், இடம், போய்வரும் தேதிகள், பிஸ்டலின் நிறுவனம், மாடல், விட்டம், வரிசை எண், கையெழுத்திட்டவரின் தொலைபேசி எண், முத்திரை ஆகிய அனைத்தும் இருக்க வேண்டும். மாற்றுப் பிஸ்டலின் வரிசை எண்ணும் அதே கடிதத்தில் வர வேண்டும். இரவல் என்றால், உரிமையாளர் இன்ன தேதி முதல் இன்ன தேதி வரை உங்களிடம் ஒப்படைத்திருப்பதாகக் கையெழுத்திட்டுத் தரும் தாளும், அவருடைய ரசீதின் நகலும், அடையாள அட்டையின் நகலும் சேர வேண்டும். எனக்கு நாற்பது நிமிடம் வீணானது இந்த ஒரு தாள் இல்லாததால்தான். வரிசை எண்ணைப் பிஸ்டலைக் கையில் வைத்துக்கொண்டே படித்து எழுதுங்கள். பூச்சியத்துக்கும் ‘ஓ’ எழுத்துக்கும் இடையிலான குழப்பம்கூட ஒரு மேலதிகாரியை வரவழைக்கும்.

7. விமானமா, ரயிலா

விமானம் என்றால், சீட்டு எடுப்பதற்கு முன்பே நிறுவனத்தின் வாடிக்கையாளர் சேவையை அழைத்து, விளையாட்டுக் காற்றுத் துப்பாக்கி எத்தனை, எடை எவ்வளவு, கையாளும் கட்டணம் எவ்வளவு என்று கேட்டு, மின்னஞ்சலில் பதில் வாங்குங்கள். கட்டணம் நிறுவனத்துக்கு நிறுவனம் மாறுகிறது. போகும்போதும் வரும்போதும் தனித்தனியாக வாங்குவார்கள். நேரடி விமானமே நல்லது. இடையில் விமானம் மாறினால் கவலை இரட்டிப்பாகும். இரண்டு தனிச் சீட்டுகள் என்றால் முழு நடைமுறையும் இன்னொருமுறை நடக்கும்.

அன்றைக்குப் புறப்பாட்டுக்கு மூன்று மணி நேரம் முன்பே கவுன்டரில் நின்று, பெட்டியில் காற்றுத் துப்பாக்கி இருக்கிறது என்று நீங்களே முதலில் சொல்லுங்கள். எக்ஸ்ரேயில் அவர்கள் கண்டுபிடிக்கும்வரை காத்திருப்பது நல்லதல்ல. அலுவலர் ஒருவர் வந்து பெட்டியைத் திறக்கச் சொல்வார். குழாயில் கொடி, தனியாகக் கழற்றிய காலிச் சிலிண்டர், தாள்கள் ஆகியவற்றைக் காட்டிப் படிவம் நிரப்பிக் கையெழுத்திட வேண்டியிருக்கும். பெட்டி உறுதியானதாக, பூட்டு உள்ளதாக இருக்க வேண்டும். டெல்லியில் அது வழக்கமான பெல்ட்டில் வராமல் ஊழியர் கையில் வரக்கூடும். பெல்ட் முன்னால் நின்றுகொண்டே இருக்காமல் விசாரித்துவிடுங்கள்.

எதை எந்தப் பையில் வைப்பது என்பதில்தான் மாற்று உபகரணத்தின் முழுப் பயனும் இருக்கிறது. இரண்டு பிஸ்டலையும் ஒரே பெட்டியில் வைத்தால், அந்தப் பெட்டி தொலையும்போது இரண்டும் தொலையும். கட்டணத்தைக் கருதி ஒரே பெட்டியாகக் கட்டச் சொல்பவர்கள் உண்டு. நான் அதைச் செய்வதில்லை. முதல் பெட்டியில் என் பிஸ்டல், ஒரு சிலிண்டர், அடாப்டர், ஒரு பெல்லட் டப்பா. மாற்றுப் பிஸ்டல் சக வீரரின் பெட்டியிலோ என் இரண்டாவது பெட்டியிலோ, இன்னொரு சிலிண்டரோடும் இன்னொரு டப்பாவோடும் வரும். உள்நாட்டு விமானங்களில் சாதாரணச் சீட்டுக்குப் பெரும்பாலும் 15 கிலோதான் அனுமதி. வீட்டிலேயே எடை போட்டுவிடுங்கள்.

கைப்பையில் துப்பாக்கியின் எந்தப் பாகமும் இருக்கக்கூடாது. கிரிப் வெறும் மரக்கட்டைதானே, தொலைந்துபோகாமல் கையோடு வைத்துக்கொள்ளலாம் என்று தோன்றும். பாதுகாப்புச் சோதனையில் எடுத்துவைத்துவிடுவார்கள். பெல்லட், கருவிகளுக்கும் இதே விதிதான். நேர்மாறாக, பவர் பேங்கும் உதிரி லித்தியம் பேட்டரிகளும் கைப்பையில் மட்டுமே வர வேண்டும். முனைகளில் டேப் ஒட்டிக்கொள்ளுங்கள். சுடும் கண்ணாடி, காலணி, ஆவணக் கோப்பு ஆகியவை கைப்பைக்கு உரியவை.

ரயிலில் கட்டணம் குறைவு, கேள்விகளும் குறைவு. தமிழ்நாடு எக்ஸ்பிரஸில் சென்னையிலிருந்து டெல்லிக்கு இரண்டு இரவுகள் ஆகும். சிலிண்டரைக் காலி செய்துதான் கொண்டுபோக வேண்டும் என்பதில் ரயிலுக்கும் விலக்கில்லை. பெட்டியைக் கீழ்ப் படுக்கைக்கு அடியில் சங்கிலி போட்டுப் பூட்டுங்கள். எதிர் இருக்கைக் குழந்தை கேட்டாலும் திறந்து காட்டாதீர்கள். டிசம்பர், ஜனவரியில் வட இந்திய மூடுபனியால் ரயில் பல மணி நேரம் தாமதமாகும் என்பதால், போட்டிக்கு முந்தைய நாள் காலை சேரும்படி கணக்குப் போட்டவர்கள் பயிற்சியை இழப்பார்கள். இரண்டு நாள் முன்பே சேரும்படி எடுங்கள்.

8. எப்போது எதைச் செய்வது

இரண்டு மாதம் முன்பு: சிலிண்டர் தேதி பார்ப்பது, ஓ-ரிங் தொகுப்புக்குச் சொல்லிவைப்பது. இறக்குமதி உதிரிப் பாகங்கள் வர வாரக்கணக்கில் ஆகும்.

ஒரு மாதம் முன்பு: மாற்றுப் பிஸ்டல் ஏற்பாடு, சீட்டு, கடிதத்துக்கு விண்ணப்பம். கையெழுத்திட வேண்டியவர் வெளியூரில் இருப்பார் என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஒரு வாரம் முன்பு: மாற்றுப் பிஸ்டலில் பயிற்சி, ட்ரிகர் எடை. இதற்குப் பிறகு எதையும் புதிதாக மாற்றாதீர்கள்.

முந்தைய நாள்: சிலிண்டர் காலி, படம், பெட்டி எடை. அடாப்டர் இருக்கிறதா என்று பையைத் தொட்டுப் பாருங்கள்.

9. ரேஞ்சில்

சேர்ந்த அன்றே இரண்டு சிலிண்டர்களையும் நிரப்பி, அழுத்தத்தைக் குறித்துக்கொண்டு, மறுநாள் காலை மீண்டும் பாருங்கள். இறங்கியிருந்தால் ஓ-ரிங் மாற்ற ஒரு நாள் கையில் இருக்கும்.

உபகரணச் சோதனைக்கு இரண்டு பிஸ்டல்களையும் எடுத்துப் போங்கள். சோதனையில் தேறாத பிஸ்டல் நடுவில் உதவாது. போட்டி ஓடிக்கொண்டிருக்கும்போது அதைச் சோதனைக்குத் தூக்கிக்கொண்டு ஓடினால் அந்த நிமிடங்கள் உங்கள் கணக்கில்தான் போகும். பிஸ்டலின் எடை 1500 கிராமுக்குள் இருக்க வேண்டும். 420க்கு 200க்கு 50 மில்லிமீட்டர் பெட்டிக்குள் அடங்க வேண்டும். இரவல் பிஸ்டலில் உங்கள் கிரிப்பைப் பொருத்தி, கிரிப்பின் உள்ளங்கைத் தட்டை (கையின் அடியைத் தாங்கும் பகுதி) விரித்து வைத்தால் அந்த 50 மில்லிமீட்டரில் இடிக்கும் வாய்ப்பு உண்டு. சுடும்போது எப்படி வைப்பீர்களோ அதே நிலையில் காட்டுங்கள். பயிற்சி நேரத்தின் கடைசிப் பதினைந்து நிமிடத்தை மாற்றுப் பிஸ்டலுக்கு ஒதுக்கி, அந்தத் தளத்தின் வெளிச்சத்தில் க்ளிக் எண்ணைத் திருத்தி எழுதுங்கள்.

போட்டியன்று மாற்றுப் பிஸ்டலும் நிரப்பிய சிலிண்டரும் விடுதி அறையில் இருக்கக்கூடாது. சுடும் இடத்துக்குப் பின்னால் பயிற்சியாளரோ நண்பரோ பெட்டியோடு உட்கார்ந்திருக்கட்டும். நடுவில் ஏதேனும் நின்றுபோனால், குழாயை இலக்கின் பக்கமே வைத்துக்கொண்டு, கையை உயர்த்தி ரேஞ்ச் அலுவலரை அழையுங்கள். அவர் அனுமதிக்கும் முன் பிஸ்டலைத் தூக்கிக்கொண்டு திரும்பாதீர்கள். காற்று குறைவு என்றால் சிலிண்டர் மாற்ற ஒரு நிமிடம். வேறு கோளாறு என்றால் ஐந்து நிமிடத்துக்கு மேல் நோண்டாமல் மாற்றுப் பிஸ்டலைக் கேளுங்கள் என்பது என் கணக்கு. இந்த ஐந்து நிமிடத்தை முதல் நாளே மனத்தில் முடிவு செய்துவிடுங்கள், அங்கே நின்று யோசிக்க முடியாது.

சுட்டு முடித்ததும் உடனே மூட்டை கட்டாதீர்கள். ட்ரிகர் சோதனைக்குச் சிலரை அழைப்பார்கள், அதில் தவறினால் தகுதி நீக்கம்தான். திரும்பும் பயணத்துக்கு இரண்டு சிலிண்டர்களையும் ரேஞ்சிலேயே காலி செய்துவிடுங்கள். விடுதியில் இரவு பதினொரு மணிக்கு அந்தச் சீறல் கேட்டால் பக்கத்து அறைக்காரர் எரிவாயு கசிகிறது என்று கதவைத் தட்டுவார். எனக்குத் தட்டினார்.